பற்றரியை மாற்ற முதல் சாஜரைப் புரட்டிப் பாருங்கள்

லப்டொப் சுவரில் சொருகியபடியே இருக்கிறது. திரையின் மூலையில் சாஜ் ஏறும் அடையாளமும் தெரிகிறது. ஆனால் கலியாண வீடியோ ஒன்றை ரெண்டருக்குப் போட்டுவிட்டு ஒரு மணித்தியாலம் கழித்து வந்து பார்த்தால் 100இல் இருந்தது 70இல் நிற்கும். இன்னும் விட்டால் 40. வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கிக் கட்டட வரைபடம் போடும் மாணவர்கள், கொட்டாஞ்சேனை ஸ்ரூடியோக்களில் வீடியோ எடிட்டிங் செய்கிறவர்கள், வீட்டிலிருந்தே வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள் எனப் பாரமான வேலை செய்யும் பலருக்கும் இது பழகிப்போன முறைப்பாடு. அதற்குக் கிடைக்கும் முதல் தீர்ப்பும் பழகிப்போனதுதான்: "பற்றரி போட்டுது, மாத்தோணும்." இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் பிழை என்பது என் வாதம். சொருகியிருக்கும் லப்டொப்பில், பாரமான வேலையின்போது மட்டும் சாஜ் இறங்குகிறதென்றால் பற்றரி தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். குறையைத் தேட வேண்டிய இடம் சாஜர். நல்ல பற்றரியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் போட்டால் அதுவும் அதே மாதிரித்தான் இறங்கும். செலவழித்த காசு மட்டும் திரும்பி வராது.

சாதாரண தர விஞ்ஞானத்தில் எல்லோரும் படித்த கணக்குத்தான் இது. வோல்ற்றளவை மின்னோட்டத்தால் பெருக்கினால் வலு. அதன் அலகு வாற்று. ஒவ்வொரு சாஜருக்கும் இத்தனை வாற்றுக்கு மேல் கொடுக்க ஏலாது என்ற எல்லை இருக்கிறது. லப்டொப் கேட்கும் வாற்றோ வேலையைப் பொறுத்து ஏறி இறங்கும். கடிதம் அடிக்கும்போது பத்துப் பதினைந்து வாற்றோடு திருப்திப்படும் அதே இயந்திரம் ரெண்டர் ஓடும்போது நூறைத் தாண்டிக் கேட்கலாம். கேட்பது எல்லைக்குள் இருக்கும்வரை மிச்ச வலு பற்றரிக்குப் போகும், சாஜ் ஏறும். எல்லையைத் தாண்டினால் துண்டு விழுகிற அளவைப் பற்றரி கொடுக்கும், சாஜ் இறங்கும். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் காலைநேரத்தில் மோட்டர் ஓட ஓடவே மொட்டைமாடித் தாங்கியில் தண்ணீர் இறங்குவதும் இதே கணக்குத்தான். எல்லா வீட்டிலும் பைப் திறந்திருந்தால் மோட்டர் ஏற்றுவதைவிடப் போவது கூட. அதற்காகத் தாங்கி பழுது என்று யாரும் சொல்வதில்லை.

இப்படிப் பற்றரி கைகொடுப்பது தற்செயலாக நடப்பதும் இல்லை. இப்போது வரும் லப்டொப்களின் சாஜிங் சுற்றில், சாஜர் தன் எல்லையைத் தொட்ட கணமே பற்றரியும் சேர்ந்து வலு கொடுக்கும்படி வேண்டுமென்றே அமைத்திருக்கிறார்கள். காரணம் புரொசெசர்கள் வேலை செய்யும் விதம். உதாரணத்துக்கு இன்ரெலின் ஐ7-12700எச்சை எடுப்போம். அதன் அடிப்படை வலு 45 வாற்று. அவசரத்துக்கு அது 115 வாற்று வரை தாவும். கோப்பு ஒன்றைத் திறக்கும்போது, நிரல் ஒன்றைத் தொகுக்கத் தொடங்கும்போது, சில விநாடிகளுக்கு அந்தத் தாவல் வரும். சில விநாடித் தேவைக்காக எல்லோரும் செங்கல் பாரத்தில் ஒரு சாஜரைத் தூக்கித் திரிய வேண்டாம் என்பதற்காகத்தான் அந்தச் சின்ன இடைவெளியைப் பற்றரி நிரப்புகிறது. நல்ல ஏற்பாடு என்றுதான் நான் சொல்வேன். ஆனால் அது விநாடிகளுக்கான ஏற்பாடு. ரெண்டரோ, முப்பரிமாண வடிவமைப்போ, கேமோ மணித்தியாலக் கணக்கில் அதே பாரத்தைக் கேட்கும். அதற்குமேல் கிராபிக்ஸ் அட்டையும் இருக்கிறது. லப்டொப்புக்கான ஆர்ரிஎக்ஸ் 3060, தயாரிப்பாளர் வைக்கும் அளவைப் பொறுத்து 60 முதல் 115 வாற்று வரை இழுக்கும். புரொசெசர், அட்டை, திரை, விசிறி எல்லாம் சேர்ந்தால் 150 வாற்றைத் தொடுவது லேசு. அப்படியான இயந்திரங்களோடு பெட்டிக்குள் 180, 230 வாற்று சாஜர்கள் வருவது அதனால்தான். அதற்கு 65 வாற்று சாஜரைச் சொருகினால் என்ன நடக்கும் என்பதற்குப் பொறியியல் படித்திருக்கத் தேவையில்லை.

இது மலிவு இயந்திரங்களின் குறை, பெயர்பெற்றதை வாங்கினால் வராது என்று சிலர் சொல்வார்கள். 2017 நவம்பரில் மைக்ரோசொப்ட் வெளியிட்ட சர்பேஸ் புக் 2, அன்றைக்கு மிக விலைகூடிய லப்டொப்களில் ஒன்று. அதன் 15 அங்குல மொடலுக்கு ஜிரிஎக்ஸ் 1060 அட்டை. கூடவே கம்பனியின் சொந்த 102 வாற்று சாஜர். அதிலும் 7 வாற்று சாஜரிலேயே இருந்த யூஎஸ்பி துளைக்கு ஒதுக்கப்பட்டது, லப்டொப்புக்கு வந்தது 95. வாங்கியவர்கள் கேம் விளையாடியபோது, சொருகிய நிலையிலேயே சாஜ் இறங்கியது. செய்திகளில் அடிபட்ட பிறகு கம்பனியும் ஒப்புக்கொண்டது: உச்ச வேகத்தில் நீண்ட நேரம் கடுமையாக விளையாடினால் பற்றரி இறங்கலாம், ஆனால் முழுவதும் தீர்ந்துபோக விடாமல் இயந்திரம் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் என்றது. அந்த லப்டொப்கள் எல்லாவற்றிலும் இருந்தவை புத்தம்புதுப் பற்றரிகள். பற்றரி புதிதா பழசா என்பது இங்கே கேள்வியே இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

இனிச் சாஜருக்கு வருவோம். கறுப்புப் பெட்டியைப் புரட்டினால் அதன் வயிற்றுப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு பத்தி இருக்கும். "இன்புட்" என்ற வரியில் 100 முதல் 240 வோல்ற்று, 50/60 ஹேர்ட்ஸ் என்றிருக்கும். அது சுவரில் இருந்து வருவது; இப்போதைக்கு விடுங்கள். கண் போக வேண்டியது அடுத்த வரிக்கு. "அவுட்புட்" 19.5 வோல்ற்று, 3.33 அம்பியர் என்றிருந்தால் பெருக்கிப் பாருங்கள், 65 வாற்று. 19.5 வோல்ற்று, 6.9 அம்பியர் என்றால் 135. வோல்ற்று ஒன்றேதான், அம்பியர்தான் வேறு. சிக்கலின் மூலமும் இங்கேதான் இருக்கிறது. எச்பி லப்டொப்களில் வரும் நீல நிற 4.5 மில்லிமீற்றர் முனையைப் பாருங்கள். 45 வாற்று சாஜருக்கும் அதே முனை, 65க்கும் அதே முனை, 135, 150, 200க்கும் அதே முனை. லெனோவோவின் மஞ்சள் நிற நீள்சதுர முனையும் அப்படித்தான், 65இல் இருந்து 230 வரை ஒன்றே. ஆகவே கடையில் "இது பொருந்துமா?" என்று கேட்டால் கடைக்காரர் சொருகிக் காட்டுவார், லைற் எரியும், ஆம் பொருந்தும். அவர் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்வியில்தான் வாற்று இருக்கவில்லை.

இயந்திரமே எச்சரிக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. எச்பி, டெல் போன்றவற்றில் சாஜர் போதாதென்றால் லப்டொப் தொடங்கும்போதே ஒரு கறுப்புத் திரையில் சொல்லும். விண்டோசும் மெதுவான சாஜர் என்று ஒரு சிறு குறிப்பைக் காட்டும். ஏதோ ஒரு விசையைத் தட்டிவிட்டுக் கடந்துபோவதுதான் பலருடைய பழக்கம். டெல்லில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. அதன் உருண்டை முனைக்குள் நடுவில் மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். சாஜருக்குள் உள்ள ஒரு சின்னச் சிப், தான் எத்தனை வாற்று என்பதை அந்த ஊசி வழியாகத்தான் லப்டொப்புக்குச் சொல்கிறது. ஊசி வளைந்தாலோ, வயருக்குள் அந்த நூலிழை அறுந்தாலோ, சாஜர் மற்றப்படி முழு வலுவையும் கொடுத்துக்கொண்டிருந்தாலும் லப்டொப்புக்கு அதை அடையாளம் தெரியாது. பற்றரிக்குச் சாஜ் ஏற்றுவதை நிறுத்திவிடும், புரொசெசரின் வேகத்தையும் குறைத்துவிடும். பார்க்கிறவருக்கு இரண்டுமே பற்றரி செத்ததற்கான அறிகுறி மாதிரித் தோன்றும். உண்மையில் போனது வயர்.

யூஎஸ்பி-சி வந்தபின் நிலைமை எளிதாகும் என்று நினைத்தோம். ஒரு வகையில் எளிதாகியும் இருக்கிறது. ஒரே சாஜரில் போனும் லப்டொப்பும் ஏறுகின்றன. ஆனால் இப்போது பார்க்க வேண்டிய பொருட்கள் இரண்டாகிவிட்டன, சாஜரும் கேபிளும். யூஎஸ்பி-சி கேபிள் சாதாரணமாக 3 அம்பியர்தான் தாங்கும். 20 வோல்ற்றில் அது 60 வாற்று. அதற்கு மேலே போக வேண்டுமானால் கேபிளின் முனைக்குள் "எனக்கு 5 அம்பியர் தாங்கும்" என்று அறிவிக்கும் ஒரு சிப் இருக்க வேண்டும். 100 வாற்று சாஜரை வாங்கி, போனோடு வந்த கேபிளால் இணைத்தால் சாஜர் 60 வாற்றோடு நின்றுவிடும். அதில் பிழை எதுவும் இல்லை, பாதுகாப்புக்காக அப்படித்தான் நிற்க வேண்டும். இரண்டு மூன்று துளை உள்ள சின்னச் சாஜர்கள் இன்னொரு கதை. பெட்டியில் 65 என்று போட்டிருக்கும். பக்கத்துத் துளையில் போனைச் சொருகியதும் லப்டொப்புக்குப் போவது 45 ஆகிவிடும். ரெண்டர் ஓடும் நேரத்தில் போனைக் கழற்றிவிட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுகிற இடங்கள் இருக்கின்றன. 2021இல் வந்த புதிய தரத்தின்படி யூஎஸ்பி-சி 240 வாற்று வரை போகலாம். ஆனால் அதற்குச் சாஜர், கேபிள், லப்டொப் மூன்றுமே அந்தத் தரத்தில் இருக்க வேண்டும்.

உலகம் முழுக்க உள்ள இந்தச் சிக்கல் கொழும்பில் ஏன் கூடுதலாகக் கடிக்கிறது? நம்முடைய லப்டொப்கள் பலவும் தாம் பிறந்த சாஜரோடு சேர்ந்து வாழ்வதில்லை. கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் சொந்தக்காரர் கொண்டுவந்து தருவது ஒரு வழி. கனடாவில் இருந்து வந்தால் தட்டைக் காலுள்ள பிளக், நம்முடைய 13 அம்பியர் சுவருக்குப் பொருந்தாது. உடனே காலி வீதியில் ஏறி ஒரு புதுச் சாஜர் வாங்கிவிடுகிறோம், வந்த சாஜர் அலுமாரிக்குள் போகிறது. பெரும்பாலான சாஜர்களில் சுவருக்கும் பெட்டிக்கும் இடையிலான வயர் தனியாகக் கழன்று வரும். மூன்று துளையுள்ள முனையோடு அந்த வயரை மட்டும் வாங்கினால் போதும். பெட்டி 100இலிருந்து 240 வோல்ற்று வரை எந்த நாட்டிலும் வேலை செய்யும். முழுச் சாஜரின் விலையில் சின்னப் பங்குதான் அந்த வயருக்கு. பாவித்த லப்டொப்களை யுனிட்டி பிளாசாவிலோ புறக்கோட்டையிலோ வாங்குவது இன்னொரு வழி. அலுவலகங்கள் கழித்துவிட்டவற்றை மொத்தமாக எடுத்து விற்கும்போது, எந்த இயந்திரத்தோடு எந்தச் சாஜர் போகும் என்பதை முனைதான் தீர்மானிக்கிறது. மூன்றாவது காரணம் விலை. 2022 மார்ச்சுக்கு முன் இருநூறு ரூபாயளவில் இருந்த டொலர் அதே ஆண்டு மே மாதத்தில் 360ஐத் தொட்டது. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதம். சாஜர் பழுதானால் ஒறிஜினலைத் தேடாமல் கிடைப்பதை வாங்குவதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் கிடைப்பதிலும் சரியான வாற்று உள்ளதைக் கேட்டு வாங்கலாம்.

மின்வெட்டு இந்தக் கணக்கை இன்னும் இறுக்குகிறது. 2022 மார்ச் 31ஆம் திகதி நாட்டில் 13 மணித்தியால மின்வெட்டு. ஊர்களை ஆங்கில எழுத்துகளால் குழு குழுவாகப் பிரித்து, எந்தக் குழுவுக்கு எப்போது இருட்டு என்று அட்டவணை வந்த காலம் அது. கரண்ட் வந்ததும் காலியான பற்றரியோடு எல்லோரும் அவசர அவசரமாக வேலைக்கு உட்கார்ந்தோம். அந்த நேரத்தில் சாஜரிடம் கேட்பது இரண்டு வேலை: இயந்திரத்தையும் ஓட்ட வேண்டும், பற்றரியையும் நிரப்ப வேண்டும். 65 வாற்று சாஜரில் 50 வாற்றை வேலை தின்றால் பற்றரிக்கு மிச்சம் 15. 50 வாற்று-மணித்தியாலப் பற்றரி அந்த வேகத்தில் நிரம்ப மூன்று மணித்தியாலத்துக்கு மேலாகும், அதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும். அந்தக் காலம் முடிந்துவிட்டது என்று நிம்மதியாக இருக்கவும் ஏலாது. 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபநிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததில் நாடு முழுக்க இருண்டது. தொடர்ந்து இரண்டு நாள் ஒன்றரை மணித்தியால வெட்டும் வந்தது. இங்கே லப்டொப்பின் பற்றரி வெறும் வசதி இல்லை. அது வீட்டின் யூபிஎஸ். சொருகி வைத்தபடியே அதை 40க்கு இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கும்போது வெட்டு வந்தால், எட்டு மணித்தியால ரெண்டர் நடுவழியில் அறும். சாஜ் இறங்குவதைச் சின்ன எரிச்சல் என்று விட்டுவிடாமல் இவ்வளவு எழுதுவதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

"எங்கட பக்கம் பின்னேரத்தில வோல்ற்றேஜ் குறைவு, அதாலதான்" என்று ஒரு மறுப்பு வரும். குறைவது உண்மையாக இருக்கலாம். விசிறி மெதுவாவதும் லைற் மங்குவதும் அதன் அடையாளம். ஆனால் சாஜருக்கு அது பொருட்டே இல்லை. மேலே விடச் சொன்ன இன்புட் வரி இப்போது உதவுகிறது: 100 வோல்ற்று வந்தாலே அது முழு வலுவையும் கொடுக்கும்படி செய்யப்பட்டது. 230 வர வேண்டிய இடத்தில் 190 வந்தாலும் மறுபக்கத்தில் அதே 19.5 வோல்ற்றுத்தான் வெளியே வரும், சுவரில் இருந்து கொஞ்சம் கூடுதல் ஓட்டத்தை இழுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். தரமான சாஜரைப் பற்றித்தான் இப்படிச் சொல்கிறேன். பெயர் தெரியாத மலிவுச் சாஜர்களில் வெளியே 65 என்று ஒட்டியிருப்பது உள்ளே உண்மையாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கொழும்பு வெக்கையில், மூடிய மேசைக்கும் சுவருக்கும் நடுவில், மணித்தியாலக் கணக்கில் உச்சத்தில் ஓடும்போதுதான் அந்தப் பொய் வெளிப்படும். கை வைக்க முடியாத அளவுக்குச் சாஜர் சுட்டால் சாஜ் இறங்குவதைவிடப் பெரிய பிரச்சினை உங்களிடம் இருக்கிறது, அதைக் கழற்றிவிடுங்கள்.

இதற்கு நேர் எதிரான பயமும் உண்டு. பெரிய சாஜரைப் போட்டால் லப்டொப் எரிந்துவிடும் என்பது அது. இந்தப் பயத்தாலேயே 65ஐ 135 ஆக்கத் தயங்குகிறார்கள். ஒத்துப்போக வேண்டியது வோல்ற்று. 19.5 கேட்கும் இயந்திரத்துக்கு 19.5 (19ஓ 20ஓ என்று மிகச் சின்ன வித்தியாசத்தைத் தயாரிப்பாளர்கள் அனுமதிப்பதுண்டு). அம்பியர் என்பது சாஜர் திணிப்பது இல்லை, லப்டொப் இழுப்பது. சுவர்ப் பொயின்ற் 13 அம்பியர் கொடுக்கக்கூடியது. அதில் போன் சாஜரைச் சொருகுகிறோம், போன் எரிவதில்லை. ஆகவே கூடிய வாற்றால் கெடுதி இல்லை. ஆனால் ஒரு எல்லைக்கு மேல் பயனும் இல்லை. 65 வாற்றுக்கு வடிவமைத்த மெல்லிய லப்டொப்புக்கு 200 வாற்று சாஜரை வாங்கிக் கொடுத்தால் அது தனக்கு வேண்டியதைத்தான் எடுக்கும். உங்கள் மொடலுக்குத் தயாரிப்பாளர் என்ன வாற்று சொன்னாரோ, அதுவே இலக்கு.

சரி, பற்றரி ஒருபோதும் குற்றவாளியே இல்லையா? நிச்சயமாக இருக்கும். பற்றரிகள் முதுமை அடையும், சாகும், சில வீங்கும். வீங்கியதைக் கண்டால் விவாதம் தேவையில்லை. பாவிப்பதை நிறுத்தி மாற்றத்தான் வேண்டும். ஆனால் செத்த பற்றரியின் அறிகுறி வேறு மாதிரி. சுவரில் இருந்து கழற்றினால் பத்து நிமிடத்தில் அணைந்துவிடும். 40இல் இருந்து திடீரென 5க்குத் தாவும். சும்மா வைத்திருந்தாலும் 100க்குப் போகாது. விண்டோசில் பற்றரி அறிக்கை எடுக்கும் கட்டளை இருக்கிறது. தொழிற்சாலையில் இருந்து வந்தபோது எவ்வளவு கொள்ளளவு, இன்றைக்கு எவ்வளவு என்று இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். 50,000இல் தொடங்கியது 42,000இல் நின்றால் அந்தப் பற்றரிக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. 15,000 என்றால் விடைகொடுக்கலாம். அதைவிட எளிய சோதனை, பாரத்தை மாற்றிப் பார்ப்பது. சொருகியபடி எல்லாவற்றையும் மூடி அரை மணித்தியாலம் விடுங்கள். சாஜ் ஏறினால் பற்றரி சாஜை வாங்குகிறது. பிறகு ரெண்டரைத் தொடங்குங்கள். இறங்கினால் குறை வலுக் கணக்கில். அந்த நேரத்தில் பற்றரிக்குள் எத்தனை வாற்று போகிறது, வெளியே எத்தனை வருகிறது என்று காட்டும் இலவச மென்பொருள்களும் உண்டு. எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி விழுந்தால் அதுதான் உங்கள் துண்டு. மக் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுகம்: சொருகியிருக்கும் சாஜர் எத்தனை வாற்று என்பதைக் கணினியின் தகவல் பக்கமே சொல்லும். 100இல் இருந்து 96 வரை இறங்கி நிற்பதையோ, 80இல் நிற்பதையோ கண்டு பதற வேண்டாம். முதலாவது பற்றரியைப் பாதுகாக்கச் சுற்று செய்யும் வேலை, இரண்டாவது ஏதோ ஒரு பாதுகாப்பு அமைப்பு இயங்குவதன் அடையாளம்.

இன்னொரு மறுப்பை நான் மதிக்கிறேன். "ஒறிஜினல் சாஜர், சரியான வாற்று, இருந்தும் இறங்குதே, என்ன செய்ய?" சர்பேஸ் புக் 2 மாதிரி வடிவமைப்பிலேயே துண்டு விழும் இயந்திரங்கள் உண்டு. அங்கே வேகத்தை விட்டுக்கொடுப்பதைத் தவிர வழியில்லை, ஆனால் அந்த விட்டுக்கொடுப்பு நினைப்பதைவிடச் சிறியது. உச்ச வேக நிலையில் இருந்து ஒரு படி இறக்கினால், புரொசெசரின் கடைசித் தாவலும் அதற்கான பெரிய வலுச் செலவும் போய்விடும். கடைசிப் பத்து வீத வேகத்துக்குத்தான் மிகக் கூடிய வாற்று செலவாகிறது என்பது சிப்களின் இயல்பு. கேமில் விநாடிக்கு 60 பிரேம் என்று எல்லை வைத்தாலும் இதே பலன். ரெண்டர் பத்து நிமிடம் பிந்தி முடியும், பற்றரி நிறைந்தபடி இருக்கும். வெட்டு எந்த நேரமும் வரலாம் என்ற ஊரில் இந்தப் பேரம் நல்ல பேரம்.

காசுக் கணக்கும் பார்ப்போம், ஏனென்றால் "சாஜர் விலை, பற்றரி எப்படியும் ஒருநாள் போகும்தானே" என்பதும் நியாயமான வாதம் போல ஒலிக்கும். 65 வாற்று சாஜரில் 85 வாற்று கேட்கும் வேலை செய்தால் துண்டு 20 வாற்று. 50 வாற்று-மணித்தியாலப் பற்றரி அதில் இரண்டரை மணித்தியாலத்தில் வெறுமையாகும். தினமும் பாதியாவது இப்படி இறங்கி ஏறினால், ஆண்டுக்கு 300 வேலைநாளில் 150 முழுச் சுற்று. சாதாரண லப்டொப் பற்றரிகள் முந்நூறு முதல் ஐந்நூறு சுற்றுக்குள் தம் கொள்ளளவில் குறிப்பிடத்தக்க பங்கை இழக்கின்றன. ஆக, சொருகியே வைத்திருந்த இயந்திரத்தின் பற்றரி இரண்டு மூன்று வருடத்தில் களைத்துவிடும். அதுவும் புரொசெசர் கொதிக்கும் சூட்டுக்குள்ளேயே இறங்கி ஏறுவதால் இன்னும் விரைவாக. சாஜர் போதுமானதாக இருந்தால் அந்தச் சுற்றுகள் எண்ணப்படவே மாட்டா. எப்போதும் 100இல் நிறுத்தி வைப்பதும் பற்றரிக்குக் கெடுதி என்பது உண்மை. 80இல் நிறுத்தும் அமைப்பு அதற்குத்தான். வெட்டு அறிவிக்கப்பட்ட வாரத்தில் மட்டும் அதை நீக்கி நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் 100இல் வைப்பதன் கெடுதியைக் காட்டித் தினமும் இறக்குவதை நியாயப்படுத்த முடியாது. சிறிய சாஜர் மிச்சப்படுத்திய காசைப் பற்றரி மாற்றும்போது திருப்பிக் கொடுக்கிறோம், அதற்குப் பிறகும் அதே சாஜர்தான் சுவரில்.

இதையெல்லாம் வாங்குபவரே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுச் சாஜர்ச் சட்டம் 2024 டிசம்பர் 28 முதல் போன்களுக்கு நடைமுறைக்கு வந்தது, லப்டொப்களுக்கான திகதி 2026 ஏப்ரல் 28. யூஎஸ்பி-சி துளை பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது அதே சட்டம் கேட்கும் சின்னச் சீட்டு: இந்தக் கருவிக்குச் சாஜ் ஏற்ற ஆகக்குறைந்தது இத்தனை வாற்று, உச்ச வேகத்துக்கு இத்தனை வாற்று என்று இரண்டு எண்களைப் பெட்டியிலேயே அச்சடிக்க வேண்டும். இங்கே அதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பற்றுச்சீட்டில் மொடல் பெயரும் வொறண்டிக் காலமும் எழுதுகிற கடைகள், அதற்குப் பக்கத்தில் லப்டொப் கேட்கும் வாற்றையும் கொடுக்கும் சாஜரின் வாற்றையும் எழுதலாம். பாவித்த லப்டொப் விற்கிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். எழுதாத கடையில் வாங்குபவர் கேட்டு எழுதுவிக்கலாம். பிறகு 65 வாற்று சாஜரை 135க்கு என்று விற்றது தெரியவந்தால் கையில் ஒரு ஆதாரம் இருக்கும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கும்போது "சாஜர் சரியில்லை" என்று சொல்வதற்கும், எழுதிக் கொடுத்த எண்ணும் சாஜரின் வயிற்றில் உள்ள எண்ணும் வேறு என்று காட்டுவதற்கும் வித்தியாசம் பெரிது. திருத்தும் கடைகளிடமும் ஒரு வேண்டுகோள்: சாஜ் இறங்குகிறது என்று யாராவது லப்டொப்பை மட்டும் கொண்டுவந்தால், சாஜரையும் கேபிளையும் வீட்டிலிருந்து எடுத்துவரச் சொல்லுங்கள். அவற்றைப் பார்த்த பிறகு பின்மூடியைக் கழற்றலாம்.